செத்த மரத்துக்கு ஒரு கையெழுத்து

எங்கள் ஒழுங்கையில் செத்தவர்களை மூன்று நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. ஹியூபேட் வீட்டு மாமரம் மட்டும் செத்த பிறகு நூற்றுப் பதினொரு நாள் நின்றது. அது மரத்தின் குற்றமும் அல்ல, ஹியூபேட்டின் குற்றமும் அல்ல. கையெழுத்துக் கிடைக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் பின்னால் மரம் நிற்கும் அளவுக்கு நிலம் இருப்பதே அதிசயம். அந்த அதிசயம் ஓகஸ்ட் நடுவில் இரண்டே கிழமையில் காய்ந்து போனது. இலைகள் பழுப்பாகி, உதிராமல் அப்படியே தொங்கின. பட்டை முழுக்க ஊசியால் குத்தியது மாதிரி ஓட்டைகள். ஓட்டைகளில் பிசின் வடிந்திருந்தது. அடியில் மா சலித்தது போல மரத்தூள் கிடந்தது. ஹியூபேட் துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் சாமான்களை எண்ணி எழுதும் கிளார்க்காக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணாமல் விடமாட்டார். ஓர் அடிப் பட்டையில் எழுபத்து மூன்று ஓட்டை என்று என்னிடம் சொன்னார். நான் அடுத்த வீட்டுக்காரன். எல்லாவற்றையும் முதலில் கேட்க வேண்டியவன் நான்தான்.

மரம் செத்தது அவருக்குக் கவலை. அந்தக் கவலைக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. மகள் டில்ஷானிக்கு ஜனவரியில் கலியாணம். மாப்பிள்ளை றொஹான் வெள்ளவத்தையில் ஓர் அறையை வேறு மூன்று பெடியன்களோடு பங்கு போட்டுக்கொண்டிருப்பவன். கட்டின பிறகு இங்கேதான் வரவேண்டும். இங்கே இருப்பது ஒரு ஹோலும் ஓர் அறையும். அறையில் ஹியூபேட்டும் மனைவி மாக்ரெட் அக்காவும். ஹோலை மறித்து ஒரு பலகைச் சுவர் வைத்தால்தான் பிள்ளைகளுக்கு அறை. எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

"சீலை கட்டி மறிக்கலாம் எண்டு மட்டும் சொல்லாதீங்கோ," என்று மாக்ரெட் அக்கா முதலே சொல்லிவிட்டார். "புதுசாக் கட்டினதுகள் சீலைக்குப் பின்னால படுக்கிறதோ? எனக்குப் பலகைச் சுவர் வேணும். அதுவும் கதவோட."

கிராண்ட்பாஸ் பக்கம் மரம் அறுக்கிற மில் வைத்திருக்கும் புவாத்தைக் கூட்டி வந்து காட்டினார்கள். புவாத் கத்தியால் பட்டையைக் கிளப்பினான். உள்ளே எள்ளுப் போல வண்டுகள் ஓடின. அதற்குக் கீழே மரம் பால் வெள்ளையாக இருந்தது.

"அண்ணன், மரம் மௌத்து. பலகை இன்னும் மௌத்தாகல்ல," என்றான் புவாத். "இந்தப் பூச்சி பட்டைக்குக் கீழதான் திரியும். ஆனா ஒரு பூஞ்சணத்தையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கும். ஒரு மாசத்துக்குள்ள அறுத்தா நல்ல வெள்ளப் பலகை. பிந்தினா நீலம் பாயும். இன்னும் பிந்தினா உளுத்துக் கொட்டும்."

"அப்ப நாளைக்கே வெட்டுவம்."

"பேப்பர் இரிக்கா?"

"என்ன பேப்பர்?"

புவாத் அவரைப் பாவமாகப் பார்த்தான். "பேப்பர் இல்லாத மரத்த என்ட வாள்ல ஏத்தினா மில்லுக்கு சீல் வெச்சிருவாங்க, அண்ணன்."

பேப்பர் கொடுக்கும் இடம் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியில், நாலாம் மாடியில் இருந்தது. பெயர், பட்டைவண்டினால் மரணித்த மரங்களின் முகாமைத்துவ அதிகாரசபை. இதை மூன்று மொழியிலும் எழுதிய பலகை கட்டிடத்தின் முகப்பு முழுவதையும் பிடித்திருந்தது. வாசித்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விடும். அந்தப் பலகையே பாதிச் சுவருக்குக் காணும் என்று ஹியூபேட் கீழே நின்று கண்ணால் அளந்தார்.

மேலே றஷ்மி என்ற பிள்ளை போமை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. அந்தக் கந்தோரில் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

"அங்கிள், 'மரத்தின் தற்போதைய நிலை' எண்ட இடத்தில ஆரோக்கியம், நோய், இந்த ரெண்டில ஒண்டுக்குத்தான் சரி போடலாம்."

"பிள்ளை, இது செத்துட்டுது."

"செத்தது எண்டு போமில இல்லை."

"உங்கட சபையின்ர பேரிலேயே மரணித்த மரம் எண்டு கிடக்குதே?"

"அது பேரில, அங்கிள். போம் வேற டிப்பார்ட்மென்டின்ர. எங்கட போம் இன்னும் அச்சில." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் நோய்க்குச் சரி போடுங்கோ. செத்ததுக்கு உங்கட கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் எடுங்கோ. எல்லாம் வந்தாப் பிறகு டீஜீ சேரின்ர ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

டீஜீ என்றால் பணிப்பாளர் நாயகம். ஒரு கையெழுத்து என்று கேட்டதும் ஹியூபேட்டுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. துறைமுகத்தில் ஒரு பெட்டி வாழைப்பழத்துக்கே ஏழு கையெழுத்து வாங்கிய மனிதர்.

கிராம சேவகரிடம் அவர் வருடா வருடம் போகிறவர். ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதாகக் கடிதம் எடுக்க வேண்டும். இன்னொன்று செத்ததாகக் கடிதம் கேட்டுப் போனது இதுதான் முதல் தடவை. கிராம சேவகர் வாக்காளர் இடாப்பை எடுத்து அந்த வீட்டு இலக்கத்தைப் பார்த்தார். ஹியூபேட், மாக்ரெட், டில்ஷானி. மரம் இல்லை. இடாப்பில் இல்லாத ஒன்றின் மரணத்துக்குத் தான் எப்படிப் பொறுப்பெடுப்பது என்று கேட்டார். இரண்டு நாள் யோசித்து, "மேற்படி மரத்தை நான் உயிரோடு கண்டதாக நினைவில்லை" என்று எழுதிச் சீல் குத்திக் கொடுத்தார். மனிதர் எங்கள் ஒழுங்கைக்கு ஒருநாளும் வந்ததில்லை, ஆகையால் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை.

செப்டெம்பர் கடைசியில் பரிசோதனைக் குழு வந்தது. ஐந்து பேர். டபிள் கெப் ஒழுங்கைக்குள் நுழையாததால் சந்தியில் இறங்கி, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, கந்தோர்க் கோப்போடு நடந்து வந்தார்கள். ஒவ்வொருவரும் மரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். மாக்ரெட் அக்கா சுட்ட மீன் பற்றிஸ் முடியும்வரை அங்கேயே இருந்து ஆலோசித்தார்கள். வண்டு வந்ததால் மரம் செத்ததா, மரம் செத்ததால் வண்டு வந்ததா என்பதுதான் பிரச்சினை. முதலாவதென்றால் இந்தச் சபை. இரண்டாவதென்றால் வேறு சபை, அது இன்னும் தொடங்கப்படவில்லை.

"வண்டை அடையாளம் காண வேண்டும்," என்றார் குழுத் தலைவர். "பூச்சிப் பிரிவுக்கு உயிரோடு கொண்டு வாருங்கள்."

ஹியூபேட் பன்னிரண்டு வண்டுகளைப் பிடித்து ஜாம் போத்தலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குக் கொண்டு போனார். பூச்சிப் பிரிவில் போத்தலைக் கண்டதும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நோய் பரப்பும் பூச்சியை ஒரு பிரதேசத்திலிருந்து இன்னொரு பிரதேசத்துக்குக் கொண்டு செல்வதற்குப் பேமிட் எங்கே?

"அதுகள் தானாகவே பறந்து வருகுதுகள்தானே?" என்று ஹியூபேட் கேட்டார்.

"பறந்து வந்தால் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை," என்றார் பூச்சிப் பிரிவு அதிகாரி. "போத்தலில் வந்தால்தான் பேமிட் வேண்டும்."

அதையும் எடுத்தார். பிறகு மரத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். மாதா கோயிலில் கலியாணத்துக்கு ஆட்சேபனை உண்டா என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது மாதிரி, மரத்துக்கு மூன்று வாரம்: இம்மரத்தின் மரணம் தொடர்பில் ஆட்சேபனை உள்ளோர் எழுத்தில் அறிவிக்கவும். ஒழுங்கையில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. ஆட்சேபனை அதே சபையின் கணக்கெடுப்புப் பிரிவிலிருந்து வந்தது. அவர்களுடைய பதிவேட்டில் இந்த மாமரம் உயிரோடு, நல்ல நிழலோடு நின்றுகொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் பச்சை மரம் ஏற்கெனவே குறைவு. வருட அறிக்கை அச்சாகும்வரை மரம் பதிவேட்டில் உள்ளபடியே நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

மரமும் நின்றது. நவம்பரில் புவாத் வந்து இன்னொரு இடத்தில் பட்டையைக் கிளப்பிப் பார்த்தான். வெள்ளை மரத்தில் மை ஊறியது போல நீலம் பரவியிருந்தது.

"நீலம் பாஞ்சிட்டு, அண்ணன். பரவால்ல, பலத்துக்கு ஒண்டும் இல்ல. சுவருக்குக் காணும். டிசம்பர் தாண்டினா நான் பொறுப்பில்ல."

ஹியூபேட் அன்று இரவுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார் என்று மாக்ரெட் அக்கா சொன்னார். மகள் புருஷனோடு ஹோலில் பாய் போட்டுப் படுக்க, தான் அவர்களைத் தாண்டிப் பாத்ரூமுக்குப் போவதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. அதை என்னிடம் மட்டும் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

கையெழுத்துக்காகப் பதினொரு தடவை போனார். டீஜீ ஒருமுறை செத்த மரங்கள் பற்றிய மாநாட்டுக்காக வெளிநாட்டில். ஒருமுறை தாமதங்களைக் குறைப்பது பற்றிய கூட்டத்தில். அது நான்கு நாள் நீண்டது. மற்றத் தடவைகளில் இப்போதுதான் வெளியே போனார், அல்லது இன்னும் வரவில்லை. பன்னிரண்டாம் தடவை ஹியூபேட் அவரை லிஃப்டுக்குள் கையோடு பிடித்தார். பேச்சு சிங்களத்தில், எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

"நீங்கள்தானா அந்த மரம்!" என்று டீஜீ அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் கோப்பைப் பார்த்தேன். எவ்வளவு அழகான கோப்பு. எங்கள் சபை தொடங்கி ஆறு வருடம். இதுவரை ஒரு மரத்துக்குக்கூட அனுமதி கொடுத்துத் தவறு செய்ததில்லை."

"சேர், எனக்கு ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தால்..."

"கையெழுத்து எதற்கு? கையெழுத்துப் போட்டால் நீங்கள் வெட்டுவீர்கள், நீங்கள் அறுப்பீர்கள், நாட்டுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். உங்கள் மரத்திலேயே தேசியத் திட்டத்தைத் தொடங்குவோம். சபையே வெட்டும், சபையே அறுக்கும். சபைக்குச் சபையின் அனுமதி தேவையில்லை."

"பலகை எனக்குத்தானே, சேர்?"

"பலகை மக்களுக்கு! நீங்கள் மக்கள் இல்லையா?"

லிஃப்ட் கதவு திறந்தது. தான் மக்கள்தான் என்பதில் ஹியூபேட்டுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சந்தோஷமாகவே வீட்டுக்கு வந்தார்.

டிசம்பர் ஐந்தாம் திகதி மரத்தை வெட்டி, கயிறு கட்டி இறக்கி, அடிமரத்தை எட்டடி எட்டடியாக இரண்டு துண்டு போட்டு புவாத்தின் மில்லுக்குக் கொண்டு போனார்கள். நானும் போனேன். டீஜீ மஞ்சள் தலைக்கவசத்தோடு பச்சைப் பொத்தானை அழுத்தினார், படம் எடுத்தார்கள், படம் சரிவராததால் நிறுத்தி இன்னொரு தடவை அழுத்தினார். அதற்குப் பிறகு புவாத்தின் முறை. முதலில் நாலு பக்கமும் பட்டைச் சிராயைச் சீவி எறிந்தான். வண்டுகளின் வீடு வாசல் எல்லாம் அந்தச் சிராயோடு போனது. வெளியே கொண்டுபோய் உடனே கொளுத்தினார்கள். பிறகு வாள் நெடுக இறங்கியது. முதல் பலகை பிரிந்து சாய்ந்தபோது உள்ளே நீலமும் வெள்ளையும் மஞ்சளும் ஓடியிருந்தன. அப்படி ஒரு வடிவான பலகையை நான் கண்டதில்லை. மாங்காய்ப் பால் மணம் மில் முழுக்க நின்றது.

இருபத்து நாலு பலகை. ஒவ்வொன்றையும் ஹியூபேட் கையால் தடவினார், அடிக்கோலால் அளந்தார், பழைய பழக்கத்தில் சோக்கட்டியால் இலக்கம் போட்டார்.

"காணும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "கதவுக்கும் காணும்."

பலகைகளைச் சபையின் லொறி ஏற்றிக்கொண்டு போனது. காயவைக்க வேண்டும் என்றார்கள்.

பத்து நாளில் பலகை வரவில்லை, ஓர் அழைப்பிதழ் வந்தது. தேசியத் திட்டத்தின் அங்குரார்ப்பண வைபவம், கொள்ளுப்பிட்டியில், குளிரூட்டிய மண்டபத்தில். ஹியூபேட் கலியாணத்துக்கென்று தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். குத்துவிளக்கை ஒன்பது பேர் ஏற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. அதன் பிறகு டீஜீ.

"செத்த மரம் வீணாகிறது என்று யார் சொன்னது? ஒரு மரம் இந்தப் பலகைகளால் ஒரு வீட்டுக்குப் பயன்பட்டிருக்கலாம். ஒரு வீட்டுக்கு மட்டும்! நாங்கள் அப்படிக் குறுகிய மனத்தோடு சிந்திக்கவில்லை. இன்று இந்த மரம் நூற்று எண்பத்தேழு வீடுகளுக்குப் போகிறது."

மேசையை மூடியிருந்த வெள்ளைத் துணியை இழுத்தார்கள். அடுக்கடுக்காக ஞாபகச் சின்னங்கள். ஓரடி நீளம், எட்டங்குல அகலம், நீலக் கோடு ஓடின மாம்பலகை. ஒவ்வொன்றிலும் சபையின் இலச்சினை, நன்றி வாசகம், கீழே பணிப்பாளர் நாயகத்தின் கையெழுத்து. எல்லாம் சூட்டுக்கோலால் சுட்டது. பிரதம அதிதிக்கு ஒன்று, விசேட அதிதிகளுக்கு ஒவ்வொன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று, மண்டபத்துக்குக் குளிரூட்டியவருக்கு ஒன்று. கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த நேரத்தில் ஹியூபேட்டின் பெயரையும் கூப்பிட்டார்கள். அவருடையதில் "மர நன்கொடையாளர்" என்று இருந்தது.

வீட்டில் மாக்ரெட் அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுவர் எங்க?"

"இதுதான்."

மாக்ரெட் அக்கா அதை மேசையில் வைத்தார். டில்ஷானி வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "பரவாயில்லை, டடா, சீலை கட்டுவம்," என்றாள். அந்த "பரவாயில்லை"யைத்தான் மனிதரால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டார்.

அடுத்த நாள் காலை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர் கதவைத் தட்டினார். அவரும் ஓர் அதிதி. கையில் கடதாசியில் சுற்றிய பலகை.

"உங்கட மரமாமே, ஹியூபேட். அப்ப இதையும் நீங்களே வைச்சிருங்கோ. எங்கட வீட்டில இப்பிடி ஞாபகச் சின்னம் ஏற்கெனவே நாற்பது கிடக்குது. இதையும் கொண்டு போனா மனுசி என்னையும் சேர்த்து வெளியில போட்டுடுவா."

ஹியூபேட் இரண்டு பலகையையும் மேசையில் ஓரத்தோடு ஓரமாக வைத்துப் பார்த்தார். பிறகு அடிக்கோலை எடுத்து ஹோலை அளந்தார். பிறகு கொள்ளுப்பிட்டிக்கு வெளிக்கிட்டார், பதின்மூன்றாம் தடவையாக. றஷ்மி அதிதிகளின் விலாசப் பட்டியலை ஃபோட்டோக்கொப்பி எடுத்து நாலாக மடித்து அவருடைய சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

நத்தார்க் காலம். ஹியூபேட் பட்டியலோடு ஏறின வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் கேக் கொடுத்தார்கள், பிறகு பலகையைக் கொடுத்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. கிருலப்பனையில் ஒன்று கதவுக்கு அணை. வெள்ளவத்தையில் ஒன்றின் மேல் சோற்றுச் சட்டி வட்டமாகக் கறுப்புப் போட்டிருந்தது. ஹெவ்லொக் டவுனில் ஒரு டொக்டர் ஓர் அலுமாரியையே திறந்துவிட்டு, பித்தளையில் இருக்கிறதையும் கண்ணாடியில் இருக்கிறதையும் தயவுசெய்து கொண்டு போகும்படி கெஞ்சினார்.

"மன்னிக்கோணும், டொக்டர்," என்றார் ஹியூபேட். "மாமரம் மட்டும்தான்."

பட்டியலில் அவர் நூற்று அறுபத்து நாலு கோடு கீறினார். புவாத் சுவரின் சட்டத்துக்கு மரம் கொடுத்து, தச்சு வேலைக்கு ஒரு பாஸையும் அனுப்பினான். எழுத்து எந்தப் பக்கம் என்று பாஸ் கேட்டபோது மாக்ரெட் அக்கா தயங்கவில்லை. "எழுத்து ஹோல் பக்கம். பிள்ளையளின்ர பக்கம் வெறும் மரம்." கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னர் சுவர் எழும்பியது, கதவோடு. உள்ளே போய்ப் பார்த்தேன். நீலமும் மஞ்சளும் சதுரம் சதுரமாக ஓடின அறை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

கலியாணம் முடிந்து, பிள்ளைகள் நுவரெலியாவில் மூன்று நாள் நின்றுவிட்டுப் பெட்டிகளோடு வீட்டு வாசலுக்கு வந்த அதே மத்தியானம், டீஜீயும் வந்தார். யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். பின்னால் றஷ்மி கோப்போடு. டீஜீ ஹோலுக்குள் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். சுவரின் கதவுக்கு நேரே அவர் நின்றதால் டில்ஷானியும் றொஹானும் பெட்டியோடு அப்படியே நின்றார்கள்.

"மாமரப் பலகை, நூற்று அறுபத்து நாலு துண்டு," என்றார் டீஜீ. வருத்தமான குரலில்தான் சொன்னார். "பல பிரதேசங்களிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு வரப்பட்டிருக்கிறது. ஒரு சுவராகக் கட்டப்பட்டிருக்கிறது. இதற்கு அனுமதி இருக்கிறதா? என்னுடைய கையெழுத்து எங்கே?"

ஹியூபேட் போய் ஹோல் லைட்டைப் போட்டார்.

"எண்ணிப் பாருங்கள், சேர்."

டீஜீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இலச்சினை இருந்தது, கையெழுத்து இருந்தது. குனிந்து கீழ் வரிசையைப் பார்த்தார். விரலால் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"என்னுடையதுதான்," என்றார்.

"எல்லாமா, சேர்?" என்று றஷ்மி பேனையைத் திறந்தாள்.

"எல்லாம்." அவருடைய முகத்தில் மெல்ல ஒரு பெருமை வந்தது. "ஆறு வருடத்தில் நாங்கள் அனுமதித்த முதல் மரம். ஒன்றுக்கு நூற்று அறுபத்து நாலு தடவை."

றஷ்மி கோப்பில் எழுதினாள். மாக்ரெட் அக்கா வந்து டீஜீயின் முழங்கையைப் பிடித்து, மரியாதையாக, ஒரு பக்கமாக நகர்த்தினார். "சேர், கொஞ்சம் விலகினால் பிள்ளைகள் உள்ளே போகலாம்."

டீஜீ விலகினார். டில்ஷானியும் றொஹானும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டார்கள். கதவில் இருபத்து நாலு கையெழுத்து இருந்தது.